லினக்ஸ் எழுதும் மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கு வர

டெர்மினலைத் திறந்ததும் சில சமயம் "யூ ஹாவ் நியூ மெயில்" என்று ஒரு வரி எட்டிப்பார்க்கும். ஓடிப்போய் ஜிமெயிலைத் திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. அந்த மெயில் இணையத்தின் பக்கமே போகவில்லை. உங்கள் கணினியிலேயே /வார்/மெயில் என்ற அடைவுக்குள், உங்கள் பயனர் பெயரில், வெறும் எழுத்துக் கோப்பாகக் கிடக்கிறது. எழுதியது கணினி, பெற்றுக்கொண்டதும் அதே கணினி.

இதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. பின்னணியில் ஓடும் பல நிரல்களுக்கு மனிதரோடு பேச மெயிலை விட்டால் வேறு வாய் கிடையாது. க்ரான் நேரம் பார்த்து ஓட்டும் வேலை ஏதாவது பிழையைக் கக்கினால் அதை மெயிலாக அனுப்பும். ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் கவனிக்கும் ஸ்மார்ட்-டி, டிஸ்க் கெடத் தொடங்கியதும் மெயில் எழுதும். ஒன்று போனாலும் தரவு பிழைக்கும்படி இரண்டு டிஸ்க்கை ரெய்டில் இணைத்து வைத்திருந்தால், அதில் ஒன்று செத்ததும் ரெய்டைக் கவனிக்கும் எம்டிஆடம், கணினியின் தலைமைப் பயனரான ரூட்டுக்கு ஒரு கடிதம் போடும். ரூட்டின் பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? மாதக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். இரண்டாவது டிஸ்க்கும் போன பிறகுதான் முதல் கடிதம் எப்போது வந்தது என்று தேடுவோம்.

இன்றைய டெஸ்க்டாப் லினக்ஸ் பலவற்றில் நிலைமை இன்னும் மோசம். மெயில் அனுப்பும் நிரல் எதுவுமே உள்ளே இருக்காது. க்ரான் மெயில் போட முயன்று பார்க்கும். முடியாவிட்டால் லாகில் "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்" என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். எம்டிஏ என்பது மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிரல். அந்த நிரல் இல்லாததால் பேக்கப் தோற்றுப்போன விவரமும் போய்விட்டது என்பதுதான் அந்த வரியின் பொருள்.

ஆக, நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கணினி எழுதும் மெயில் நாம் தினமும் திறக்கும் இன்பாக்ஸுக்கு வர வேண்டும். மெயில் சர்வர் நடத்தும் ஆசை யாருக்கும் இல்லை. உள்ளே வரும் மெயிலை வாங்குவது, ஸ்பாமை வடிகட்டுவது, பெட்டி வைத்துக் காப்பது எல்லாம் வேறு ஊர் விவகாரம். வெளியே போகும் ஒற்றை வழியை மட்டும் இங்கே பார்ப்போம்.

நேராகவே அனுப்பினால் என்ன?

மெயிலை அனுப்பும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை 1982-இல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதியவர் ஜான் போஸ்டல். இணையத்தில் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே இருந்த காலம் அது. "நீ யார்" என்று கேட்கும் பழக்கம் அந்த நெறிமுறையில் இல்லவே இல்லை. பெறுநரின் டொமைனுக்கு (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) எந்தச் சர்வர் மெயில் வாங்குகிறது என்று, இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவைப் பார்த்து, அந்தச் சர்வரின் 25-ஆம் போர்ட்டில், அதாவது 25 என்று எண்ணிட்ட கதவில், போய்ப் பேசினால் கடிதத்தை வாங்கிக்கொள்ளும். ஏட்டளவில் உங்கள் வீட்டு லேப்டாப் இன்றைக்கும் இதைச் செய்யலாம்.

நடைமுறையில் முடியாது. ஸ்பாம் பெருகிய பிறகு 25-ஆம் போர்ட்டைச் சுற்றி மதில்மேல் மதிலாக எழுப்பிவிட்டார்கள். வீட்டு இணைப்புத் தரும் நிறுவனங்கள் பல, வெளியே போகும் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன. அமேசானின் ஈசி2-விலும் கூகுள் கிளவுடிலும் வாடகைக்கு எடுக்கும் கணினிகளிலும் இதே கதைதான். தப்பித்தவறி வழி திறந்திருந்தாலும், ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு பிபிஎல் என்றொரு பட்டியல் வைத்திருக்கிறது. "இந்த ஐபி முகவரிகளிலிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது" என்று வீட்டு இணைப்புகளின் முகவரி வரிசைகளைத் தொகுக்கும் பட்டியல் அது. நீங்கள் ஒரு தவறும் செய்திருக்க வேண்டாம், அந்த வரிசையில் இருந்தாலே போதும். இவற்றையெல்லாம் கடந்தாலும் ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தேடும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பொருந்துகிறதா என்று எதிர்ச் சர்வர் பார்க்கும். வீட்டு இணைப்பில் அதை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை.

எனவே மெயிலை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே நற்பெயர் சம்பாதித்த ஒரு மெயில் நிறுவனத்தின் சர்வரிடம் ஒப்படைத்துவிடுவதே வழி. அந்தச் சர்வரை ரிலே என்பார்கள், ஸ்மார்ட்ஹோஸ்ட் என்றும் சொல்வார்கள். கொண்டுபோய்ச் சேர்க்கும் தலைவலி அவர்களுடையது. நம் பக்கம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தால் போதும். எந்தச் சர்வரின் எந்தப் போர்ட்? உள்ளே விட என்ன பயனர் பெயர், என்ன பாஸ்வேர்ட்? கடிதம் யார் பெயரில் போகிறது? முதல் இரண்டுக்கும் அரை மணி நேரம் போதும். ஆட்களை நாள் முழுக்க உட்கார வைப்பது மூன்றாவது கேள்வி.

587-ஆ, 465-ஆ?

25-ஆம் போர்ட் சர்வருக்கும் சர்வருக்கும் நடுவிலான பாதை. வாடிக்கையாளர் தன் மெயிலை ஒப்படைப்பதற்குத் தனிப் பாதை வேண்டும் என்று 1998-இல் 587 என்ற போர்ட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். இங்கே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்பார்கள். 465 இன்னொரு பாதை. இதற்கு ஒரு தடுமாற்றமான வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் ஒதுக்கினார்கள், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், ஆனாலும் எல்லோரும் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் 2018-இல் ஆர்எஃப்சி 8314 அதை முறைப்படி அங்கீகரித்தது.

இரண்டுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? 587-இல் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கும். சர்வர் வணக்கம் சொல்லும், நம் நிரல் பதில் சொல்லும், பிறகு "ஸ்டார்ட்டிஎல்எஸ்" என்றதும் இருவரும் ரகசிய மொழிக்கு மாறுவார்கள். பாஸ்வேர்ட் அதன் பிறகுதான் போகும். 465-இல் முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ் என்ற அந்த ரகசிய மொழிதான்.

புதிதாக அமைப்பவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். போர்ட் 465 என்று எழுதிவிட்டு, ஸ்டார்ட்டிஎல்எஸ் விருப்பத்தையும் இயக்கத்திலேயே விட்டுவிடுவார்கள். நம் நிரல் சர்வரின் வணக்கத்துக்காகக் காத்திருக்கும். சர்வரோ டிஎல்எஸ் கைகுலுக்கலை நாம் தொடங்குவோம் என்று காத்திருக்கும். இரண்டு பேரும் வாய் திறக்காமல் நின்று, கடைசியில் நேரம் முடிந்து இணைப்பு அறுந்துபோகும். பிழைச் செய்தி "டைம்அவுட்" என்று மட்டும் சொல்லும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ரௌட்டரை மாற்றி மாற்றி அணைத்துப் போடுவதில் பயனில்லை.

சில வாடகைச் சர்வர்களில் 587-ஐயும் 465-ஐயும்கூட அடைத்திருப்பார்கள். டிஜிட்டல்ஓஷன் அப்படி. அதற்காகவே மெயில்கன், சென்ட்கிரிட் போன்றவை 2525 என்ற போர்ட்டையும் திறந்து வைத்திருக்கின்றன. எந்தத் தரத்திலும் இல்லாத எண்தான், ஆனால் வேலைக்கு ஆகிறது.

யாரிடம் ஒப்படைப்பது

ஒரே கணினி, நாளைக்கு நாலு எச்சரிக்கை மெயில் என்றால் ஜிமெயிலே போதும். சாதாரணக் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு வரை அனுப்பலாம். நமக்கு அது தாராளம். ஆனால் ஜிமெயிலில் நீங்கள் அன்றாடம் நுழையும் பாஸ்வேர்ட் இங்கே செல்லாது. "பாதுகாப்புக் குறைந்த செயலிகள்" என்ற பழைய வழியைக் கூகுள் 2022 மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளுக்கு மூடிவிட்டது. இப்போது இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, "ஆப் பாஸ்வேர்ட்" என்ற 16 எழுத்துச் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். திரையில் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். இடைவெளி கண்ணுக்கு வசதியாகப் போட்டது. கோப்பில் எழுதும்போது ஒட்டி எழுதிவிடலாம்.

இதில் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஆப் பாஸ்வேர்ட் அனுப்புவதற்கு மட்டுமான சாவி அல்ல. அது யார் கையில் கிடைத்தாலும் பெட்டியைத் திறந்து படிக்க உதவும் ஐமேப் நெறிமுறை வழியாக உங்கள் மெயில் முழுவதையும் படிக்கலாம். ஆகவே சொந்தக் கணக்கின் சாவியை ஒரு சர்வரில் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். கணினிக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கிவிடுங்கள். அடுத்தது, கூகுள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். மாற்றிய அன்றைக்கு இது நினைவுக்கு வராது. எச்சரிக்கை மெயில் நின்றுபோனதை எச்சரிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் டாட் காம் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் முதல் வெறும் பாஸ்வேர்ட் வழி கிடையாது, பாஸ்வேர்டுக்குப் பதிலாக அனுமதிச் சீட்டு போன்ற ஓஆத் டோக்கன் வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு அந்த வம்பு வேண்டாம்.

சொந்த டொமைன் இருந்தால் சோஹோ மெயில் நல்ல தேர்வு. சென்னையில் தலைமையகம் கொண்ட நிறுவனம் என்பது நமக்குக் கூடுதல் பரிச்சயம். அங்கே கவனிக்க வேண்டியது சர்வரின் பெயர். இந்தியத் தரவு மையத்தில் இருக்கும் கணக்கென்றால் முகவரி "டாட் இன்" என்று முடியும், அமெரிக்கத் தரவு மையமென்றால் "டாட் காம்". சொந்த டொமைன் வைத்திருக்கும் நிறுவனக் கணக்குகளுக்கு "எஸ்எம்டிபிப்ரோ" என்று தொடங்கும் வேறு பெயர். பெயர் தவறினால் பாஸ்வேர்ட் எழுத்துப் பிசகாமல் சரியாக இருந்தாலும் உள்நுழைவு மறுக்கப்பட்டதைச் சொல்லும் 535 என்ற பிழை வரும். பாஸ்வேர்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஹோஸ்ட் வரியைப் பாருங்கள்.

ஒரு செயலி ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ரசீதோ ஓடிபியோ அனுப்புகிறது என்றால் அதற்கென்றே இருக்கும் அமேசான் எஸ்இஎஸ், மெயில்கன், ப்ரெவோ போன்ற சேவைகளுக்குப் போக வேண்டும். அவற்றின் பயனர் பெயர்கள் விசித்திரமாக இருக்கும். சென்ட்கிரிட்டில் எல்லோருடைய பயனர் பெயரும் "ஏபிஐகீ" என்ற சொல்தான். அந்தச் சொல்லை அப்படியே எழுத வேண்டும், சாவி போவது பாஸ்வேர்ட் இடத்தில். எஸ்இஎஸ்ஸில் புதுக் கணக்கு முதலில் "சாண்ட்பாக்ஸ்" என்ற தொட்டிலில் இருக்கும். சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டுமே மெயில் போகும், மற்றவை நிராகரிக்கப்படும்.

எம்எஸ்எம்டிபி: ஒரே கோப்பு

லினக்ஸில் மெயில் அனுப்ப விரும்பும் நிரல்கள் பல "சென்ட்மெயில்" என்ற பெயரில் ஒரு கமாண்டைத் தேடும். எரிக் ஆல்மன் எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய நிரலின் பெயர் அது. இன்றைக்கு அந்த அசல் நிரலைப் பயன்படுத்துபவர்கள் அரிது. ஆனால் /யுஎஸ்ஆர்/எஸ்பின்/சென்ட்மெயில் என்ற இடத்தில் எதுவோ ஒன்று இருந்து, கடிதத்தை வாங்கிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. க்ரானுக்கும் பிஎச்பிக்கும் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பதே நம் தேர்வு.

ஒற்றைக் கணினிக்கு என் கட்சி எம்எஸ்எம்டிபி. டெபியன், உபுண்டுவில் "எம்எஸ்எம்டிபி" தொகுப்போடு "எம்எஸ்எம்டிபி-எம்டிஏ" என்ற துணைத் தொகுப்பையும் நிறுவினால், அது சென்ட்மெயில் என்ற பெயரையும் எடுத்துக்கொள்ளும். பழைய கட்டுரைகளில் எஸ்எஸ்எம்டிபி என்று ஒன்றைப் பரிந்துரைப்பார்கள். அதைப் பராமரிக்க ஆளில்லை. விட்டுவிடுங்கள்.

அமைப்புக் கோப்பு உங்கள் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் ".எம்எஸ்எம்டிபிஆர்சி". எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் /ஈடிசி அடைவுக்குள் புள்ளி இல்லாமல் அதே பெயர். அதற்குள் என்ன எழுதுகிறோம்? ஹோஸ்ட் வரியில் நிறுவனத்தின் சர்வர் பெயர். போர்ட் வரியில் 587. டிஎல்எஸ்ஸும் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸும் ஆன். போர்ட் 465 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆஃப். ஆத் ஆன். யூசர் வரியில் முழு மெயில் முகவரி, பாஸ்வேர்ட் வரியில் அந்த 16 எழுத்து. ஃப்ரம் வரியில் அனுப்புநர் முகவரி. லாக்ஃபைல் வரியில் ஒரு கோப்பின் பெயர். இந்தக் கடைசி வரி கட்டாயமில்லைதான், ஆனாலும் போட்டுவிடுங்கள். கோளாறு வரும்போது கை கொடுப்பது அதுதான்.

சேமித்ததும் கோப்பின் அனுமதியை 600 ஆக்க வேண்டும், அதாவது உரிமையாளர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி. ஹோம் அடைவில் பாஸ்வேர்ட் எழுதிய கோப்பு மற்றவர் படிக்கும் நிலையில் இருந்தால் எம்எஸ்எம்டிபி வேலை செய்ய மறுத்துவிடும். நல்ல பிடிவாதம். பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதவே மனம் ஒப்பவில்லையென்றால் "பாஸ்வேர்ட்எவால்" என்ற வரி இருக்கிறது. அதில் ஒரு கமாண்டைக் கொடுத்தால், அது அச்சிடுவதைப் பாஸ்வேர்டாக எடுத்துக்கொள்ளும். ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டி வைத்ததை அவ்வப்போது திறந்து தரச் சொல்லலாம். ஆனால் இரவு 2 மணிக்கு க்ரான் ஓடும்போது ஜிபிஜியின் கடவுத்தொடரைத் தட்டச்சு செய்ய யார் இருப்பார்கள்? தானாக ஓடும் கணினியில் கோப்பும் 600-மே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நிறுவும்போது "ஆப்ஆர்மர் வேண்டுமா" என்று டெபியன் கேட்கும். ஆம் என்றால், எம்எஸ்எம்டிபி குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வேறெங்கும் கை வைக்க முடியாது. லாக் கோப்பை வேறெங்காவது வைத்தால், அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் "பெர்மிஷன் டினைடு" வரும். அந்தப் புதிருக்கு விடை இதுவே.

ரூட்டுக்கு வரும் மெயிலை மறந்துவிடக் கூடாது. நிரல்கள் "ரூட்" என்று மட்டும் முகவரியிட்டு அனுப்பும். டொமைன் இல்லாத அந்தப் பெயரை எம்எஸ்எம்டிபி அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் ஜிமெயில் வாங்காது. எனவே "அலையாசஸ்" என்ற வரியில் ஒரு கோப்பைக் காட்டி, அதில் "ரூட்:" என்று எழுதி உங்கள் நிஜ முகவரியைப் போட வேண்டும்.

எம்எஸ்எம்டிபியின் ஒரே பலவீனம், அதற்கு வரிசை கிடையாது. அனுப்பும் நேரத்தில் இணையம் இல்லையென்றால் மெயில் போகாது, பிறகு முயல்வதும் இல்லை. கரண்ட் போய் வந்த நிமிடத்தில் ரௌட்டர் எழுவதற்கு முன் கணினி எழுந்து மெயில் எழுதினால் அந்த மெயில் காலி. இதைப் பொறுக்க முடியாதவர்கள் போஸ்ட்ஃபிக்ஸுக்குப் போக வேண்டியதுதான்.

போஸ்ட்ஃபிக்ஸ் வேண்டும் என்றால்

வீட்ஸ வேனமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், முழு மெயில் சர்வர். நமக்கு அதன் ஒரு மூலை மட்டும் போதும். நிறுவும்போது என்ன வகை என்று கேட்கும். "சாட்டிலைட் சிஸ்டம்" அல்லது "இண்டர்நெட் வித் ஸ்மார்ட்ஹோஸ்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற வரிகள் மெயின்.சிஎஃப் என்ற கோப்பில் போகும்.

அதில் ரிலேஹோஸ்ட் வரியை இப்படி எழுதுவார்கள்: [எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்]:587. அந்தச் சதுர அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. "இந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவு தேடாதே, நேராக இதே சர்வருக்குப் போ" என்ற கட்டளை அது. பாஸ்வேர்டை எஸ்ஏஎஸ்எல்_பாஸ்வேர்ட் போன்ற பெயரில் தனிக் கோப்பில் வைத்து, போஸ்ட்மேப் கமாண்டால் அட்டவணையாக மாற்ற வேண்டும். அந்தக் கோப்பின் இடப்பக்கம் இருக்கும் பெயரும் ரிலேஹோஸ்ட் வரியும் அடைப்புக்குறி, போர்ட் எண் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒன்றில் அடைப்புக்குறி இருந்து மற்றதில் விட்டுப்போனால் போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பாஸ்வேர்ட் கண்ணில் படாது. அது பாஸ்வேர்ட் கொடுக்காமலே பேசிப் பார்க்கும், சர்வர் துரத்திவிடும். கோப்பைத் திருத்திவிட்டுப் போஸ்ட்மேப் ஓட்ட மறந்தாலும் இதே கதிதான்.

இன்னும் இரண்டு பொறிகள். "எஸ்எம்டிபி_" என்று தொடங்கும் அமைப்புகள் வெளியே போகும் மெயிலுக்கு, "எஸ்எம்டிபிடி_" என்று தொடங்குபவை உள்ளே வரும் மெயிலுக்கு. ஓர் எழுத்துதான் வேறுபாடு, கண் எளிதில் ஏமாறும். அடுத்தது, லாகில் "நோ வொர்தி மெக்ஸ் ஃபவுண்ட்" என்று வந்தால் லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ் என்ற தொகுப்பு நிறுவப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தும் அதே பிழை என்றால் பாதுகாப்பு விருப்பத்தை "நோஅனானிமஸ்" என்று மட்டும் வையுங்கள். இயல்பாக அதோடு "நோபிளெய்ன்டெக்ஸ்ட்" என்பதும் சேர்ந்தே இருக்கும், பெரும்பாலான நிறுவனங்களின் உள்நுழைவு முறையை அது தடுத்துவிடும். இதற்கு ஈடாக டிஎல்எஸ் அளவை "என்கிரிப்ட்" என்று கட்டாயமாக்கிவிடுங்கள். பாஸ்வேர்ட் திறந்தவெளியில் போகாது.

ஐநெட்_இண்டர்ஃபேசஸ் வரியில் "லூப்பேக்-ஒன்லி" என்று போட மறக்காதீர்கள். உங்கள் கணினி தவிர வேறு யாரும் அந்தப் போஸ்ட்ஃபிக்ஸோடு பேச முடியாது. வெளியே அனுப்ப மட்டும் வைத்திருக்கும் நிரல் வெளியாருக்குக் கதவைத் திறந்து வைக்க ஒரு காரணமும் இல்லை.

கடிதம் யார் பெயரில்?

இனி அந்த மூன்றாவது கேள்வி. ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கும். தபால் உறையின் மேல் எழுதும் அனுப்புநர் முகவரி ஒன்று, உள்ளே கடிதத்தின் தலைப்பில் எழுதும் பெயர் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதில்லை. சர்வர்கள் தமக்குள் பேசும்போது உறையைப் பார்க்கின்றன, மெயில் போய்ச் சேராவிட்டால் திரும்பி வருவதும் உறை முகவரிக்கே. நாம் இன்பாக்ஸில் பார்ப்பதோ உள்ளே இருக்கும் ஃப்ரம் வரியை.

ஒரு லினக்ஸ் கணினி தன்னிஷ்டத்துக்கு எழுதினால் இரண்டு இடத்திலும் "ரூட்@லோக்கல்ஹோஸ்ட்" மாதிரி எதையாவது போட்டுவிடும். உலகத்தில் அப்படி ஒரு முகவரி இல்லை. நிறுவனங்கள் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கின்றன. ஜிமெயில் சத்தமில்லாமல் ஃப்ரம் வரியை உங்கள் கணக்கின் முகவரியாக மாற்றி எழுதிவிடும். ஜிமெயில் அமைப்பில் மாற்று முகவரியாகச் சேர்த்துச் சரிபார்த்திருந்தால் மட்டும் அதை விட்டுவைக்கும். வேறு பல நிறுவனங்கள் "இந்த முகவரி உன்னுடையது இல்லை" என்று 553 போன்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். இந்தப் பிழையைப் பாஸ்வேர்ட் பிழை என்று எடுத்துக்கொண்டு சாவியை மீண்டும் மீண்டும் உருவாக்குபவர்கள் நிறையப் பேர். உள்நுழைவு வெற்றி. கையெழுத்துத்தான் அடுத்தவருடையது.

எம்எஸ்எம்டிபியில் ஃப்ரம் வரி உறை முகவரியை முடிவு செய்கிறது. உள்ளே இருக்கும் தலைப்பைச் சரியாக எழுதுவது மெயிலை உருவாக்கும் நிரலின் பொறுப்பு. புதிய பதிப்புகளில் தலைப்பையும் மாற்றி எழுதச் சொல்லும் விருப்பம் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸில் ஜெனரிக் மேப்ஸ் என்ற அட்டவணையில் "ரூட்@இந்தக் கணினி" என்பதற்கு நேராக உங்கள் நிஜ முகவரியை எழுதினால், வெளியே போகும்போது இரண்டு இடத்திலும் மாற்றிவிடும்.

சொந்த டொமைன் பெயரில் அனுப்பினால் டிஎன்எஸ்ஸிலும் வேலை இருக்கிறது. "என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு" என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். அதைச் சோதிப்பது உறை முகவரியின் டொமைனை வைத்து. டிகிம் என்பது நிறுவனம் ஒவ்வொரு மெயிலுக்கும் இடும் எண்முறைக் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும். நிறுவனம் கொடுக்கும் நீளமான எழுத்துக் கோவையை வெட்டி ஒட்டினால் முடிந்தது. டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் வரியின் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லி, ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லும்.

பழைய நிறுவனத்துக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவு, புதியதற்கு இன்னொன்று என்று இரண்டு பதிவுகளை வைத்தால் இரண்டுமே செல்லாமல் போய்விடும். ஒரே வரியில் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

சொந்த டொமைன் இல்லாதவர்கள், தங்கள் யாஹூ முகவரியை ஃப்ரம் வரியில் போட்டு ப்ரெவோ வழியாக அனுப்பப் பார்ப்பதுண்டு. 2014 ஏப்ரலிலிருந்தே யாஹூவின் டிமார்க் அறிவிப்பு "ஒத்துப்போகாததை நிராகரி" என்றுதான் சொல்கிறது. யாஹூ பெயரில் அனுப்ப வேண்டுமென்றால் யாஹூவின் சர்வர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பிடியை மேலும் இறுக்கியிருக்கின்றன. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம், மொத்தமாக அனுப்புபவர்களுக்கு (கூகுளின் கணக்குப்படி ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல்) மூன்றும் கட்டாயம்.

போனதா, வந்ததா?

சோதனை மெயிலை வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். ஜிமெயில் வழியாக அதே ஜிமெயிலுக்கு அனுப்பி வந்துவிட்டது என்று மகிழ்ந்தால், வெளியே போகும்போது என்ன ஆகும் என்று தெரியாது. வந்த மெயிலில் "ஒரிஜினலைக் காட்டு" என்பதைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராகப் பாஸா ஃபெயிலா என்று ஜிமெயிலே எழுதி வைத்திருக்கும்.

வரவில்லை என்றால் லாகுக்குப் போக வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் /வார்/லாக்/மெயில்.லாக். டெபியன் 12-இலிருந்து அந்தக் கோப்பு இயல்பாக இருக்காது, ஜர்னல்சிடிஎல் கமாண்டில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மெயிலுக்கும் "ஸ்டேட்டஸ்=" என்று ஒரு சொல் இருக்கும். "சென்ட்" என்றிருந்தால் நிறுவனத்தின் சர்வர் 250 என்று சொல்லி வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான், பெறுநரின் இன்பாக்ஸுக்குப் போய்விட்டதென்று பொருள் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை அந்த நிறுவனத்தின் பக்கம்தான் பார்க்க முடியும். "டிஃபர்டு" என்றால் வரிசையில் காத்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை விட்டு விட்டு முயலும். மெயில்கியூ என்று தட்டினால் காத்திருப்பவை தெரியும். "பவுன்ஸ்டு" என்றால் கதை முடிந்தது.

எண்களின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். 4-இல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல், காத்திருக்கலாம். 5-இல் தொடங்கினால் திரும்ப அனுப்பியும் பயனில்லை, எதையாவது திருத்த வேண்டும். 535 வந்தால் பயனர் பெயர், பாஸ்வேர்ட், ஹோஸ்ட் மூன்றையும் பாருங்கள். 550-க்குக் காரணம் பல இருக்கலாம், எண்ணோடு நிற்காமல் பக்கத்தில் எழுதியிருக்கும் வாக்கியத்தையும் படியுங்கள். பல நிறுவனங்கள் விளக்கப் பக்கத்தின் முகவரியையே அந்த வரியில் வைத்திருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு ஒரு முறை "எல்லாம் நலம்" என்று ஒரு மெயில் அனுப்பும் க்ரான் வேலையைப் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த மெயில் வராவிட்டால் சாவி ரத்தாகிவிட்டது, அல்லது கணினியே படுத்துவிட்டது.

தமிழில் பொருள் வரி எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல் தனியாக உண்டு. மெயிலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டவை. தமிழ் அங்கே போக வேண்டுமென்றால் அதை ஒரு குறியீட்டுக் கோவையாக மாற்றி அனுப்ப வேண்டும். எஸ்-நெயில் போன்ற மெயில் கமாண்டுகள் கணினியின் மொழியமைப்பைப் பார்த்து இதைத் தாமே செய்துவிடும். டெர்மினலில் அழகாகப் போகும். அதே கமாண்ட் க்ரானில் ஓடும்போது மொழியமைப்பு இல்லாத வெற்றுச் சூழல் கிடைக்கக்கூடும், அப்போது "பேக்கப் முடிந்தது" என்பது கேள்விக்குறிகளாகவோ குப்பையாகவோ வந்து சேரும். க்ரான் வேலைகளை எழுதி வைக்கும் க்ரான்டேப் கோப்பின் உச்சியில் லாங் என்ற மாறிக்குச் சி.யுடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்தால் சரியாகிவிடும். மாற்றாத பச்சைத் தமிழ்ப் பொருள் வரியைச் சென்ட்மெயில் கமாண்ட் வழியாகப் போஸ்ட்ஃபிக்ஸிடம் நேராகக் கொடுத்தால், எதிர்ச் சர்வருக்கு எஸ்எம்டிபியுடிஎஃப்8 என்ற நீட்சி தெரிந்திருக்க வேண்டும் என்று அது வற்புறுத்தும். ஜிமெயிலுக்குத் தெரியும். தெரியாத சர்வர் என்றால் மெயில் திரும்பி வந்துவிடும். பைத்தானில் எழுதுபவர்கள் அதிலேயே இருக்கும் ஈமெயில் நூலகத்தில் பொருள் வரியைக் கொடுத்துவிடலாம், குறியீட்டு மாற்றத்தை அது பார்த்துக்கொள்ளும்.